வளரும் நிறுவனத்தில் ஆளுக்கொரு இலக்கு: எல்லோரையும் ஒரே பக்கம் கொண்டுபோவது எப்படி?

ஏத்தன்கடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் தயாரிக்கும் நிறுவனம் நடத்துகிறேன். அம்மாவின் அடுக்களையில் ஒரே உருளியில் தொடங்கிய தொழில் இது. இன்று வறுக்கும் கூடம், பேக்கிங் கூடம், நாகர்கோவிலில் ஒரு கிடங்கு, ஏறத்தாழ 80 பேர் என்று ஆகியிருக்கிறது. திருவனந்தபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி வரை சரக்கு போகிறது.

ஆள் குறைவாக இருந்த காலத்தில் இலக்கு என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. காலையில் டீ குடித்து முடிப்பதற்குள் அன்றைய வேலை பேசி முடிந்துவிடும். கூட்டம் பெருகிய பிறகு அது நடக்கவில்லை. அதனால் ஓர் ஆலோசகரை அழைத்து எல்லாத் துறைக்கும் இலக்கு எழுதினோம். கொள்முதலுக்குக் காயின் கிலோ விலையைக் குறைக்க வேண்டும். வறுப்புக்கு ஒரு ஷிப்டுக்கு இத்தனை கிலோ. விற்பனைக்கு மாதம் இத்தனை புதிய கடைகள். கிடங்குக்கு இருப்பு தேங்கக் கூடாது.

இப்போது மாதக் கடைசியில் எல்லோருடைய தாளும் பச்சையாக, அதாவது இலக்கை எட்டியதாக, இருக்கிறது. ஆனால் கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு கூடுகிறது, கையிருப்புப் பணம் குறைகிறது. கூட்டம் போட்டால் ஆளுக்கொரு தாளை நீட்டி "என் வேலை முடிந்துவிட்டது" என்கிறார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. ஓணம் நெருங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி வாசகன்

ஆலோசகருக்கு என்ன இலக்கு கொடுத்தீர்கள்? அவருடைய தாளும் பச்சையாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தவள்

பெங்களூரில் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்கு வந்து இங்கே சிறிய அணி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஆலோசகர் கொண்டுவந்தது ஓகேஆர் (குறிக்கோளும் அதை அளக்கும் முக்கிய விளைவுகளும்) என்ற முறையாக இருக்கலாம். அதன் கதை தெரிந்தால் எங்கே பிசகியது என்று புரியும்.

குறிக்கோளை முன்வைத்து நிர்வகிப்பது என்ற கருத்தை நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954-இல் எழுதினார். 1970-களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதைச் சுருக்கி இரண்டே கேள்விகளாக்கினார்: எங்கே போக வேண்டும்? அங்கே போய்ச் சேர்கிறோமா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அங்கே வேலை பார்த்த ஜான் டோர் 1999-இல் அதை கூகுளுக்குக் கொண்டுபோனார். அப்போது கூகுளில் சுமார் 40 பேர்தான். உங்கள் நிறுவனத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறையில் இருந்த இரண்டு விஷயங்களை நம் ஊருக்கு வரும் ஆலோசகர்கள் வழியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒன்று, எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்க வேண்டும், நிறுவனம் முழுவதற்கும் மூன்று நான்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு, எல்லா இலக்குகளும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். கொள்முதல்காரரின் இலக்கு என்னவென்று வறுப்புக் கூடத்துக்குத் தெரியுமா? உங்கள் நிறுவனத்தில் அது அவரவர் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: கூகுளில் மதிப்பெண் ஒன்றுக்கு 0.6 அல்லது 0.7 வந்தாலே நல்லது என்பார்கள். எப்போதும் முழு மதிப்பெண் வந்தால் இலக்கு சுலபமாக வைக்கப்பட்டது என்று பொருள். எல்லோருக்கும் பச்சை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான்.

அண்டி ஆபீஸ்

கருங்கல் பக்கம் முந்திரித் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். மேலே உள்ள அம்மா சொன்ன வரலாறு நன்று. ஆனால் இலக்கு குறைந்தாலும் கூடினாலும் இந்த நோய் தீராது. அது துறைக்குள் இல்லை. ஒரு துறை சரக்கை அடுத்த துறைக்குக் கைமாற்றும் இடத்தில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பருப்பு ஐந்தாறு கை மாறும். வேகவைப்பு, உடைப்பு, போர்மா என்ற சூட்டறையில் சூடேற்றுவது, தோல் நீக்கல், தரம் பிரிப்பு, கடைசியில் டின். காசு இருப்பது முழுப்பருப்பில். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 முழுப்பருப்பு. டபிள்யூ 180 என்றால் 170 முதல் 180 பெரும்பருப்பு. எவ்வளவு பெரிய பருப்பாக இருந்தாலும் உடைந்துவிட்டால் அந்த வரிசையிலிருந்தே இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும்.

முன்பு ஒரு முறை போர்மா பார்ப்பவருக்கு விறகுச் செலவைக் குறைக்கச் சொல்லி இலக்கு கொடுத்தார்கள். அவர் கெட்டிக்காரர், குறைத்துக் காட்டினார். ஆனால் சூடு போதாத பருப்பில் தோல் விடாது. உள்ளங்கையில் தேய்த்தால் உதிர வேண்டிய தோலைப் பெண்கள் கத்தி முனையால் சுரண்ட வேண்டியதாயிற்று. சுரண்டினால் கீறல் விழும், சற்று அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். அவர்களுக்குக் கூலி கிலோ கணக்கு. வேலை நகராமல் கூலியும் குறைந்தது. சத்தம் கிளம்பியது தோல் நீக்கும் கூடத்தில், காரணம் உட்கார்ந்திருந்தது போர்மாவில். மேற்பார்வையாளர் யாரைத் திட்டினார் என்று கேட்கவே வேண்டாம். சூட்டை ஏற்றச் சொல்லிவிட்டால் போதுமே என்பீர்கள். ஏற்றினால் பருப்பு வறண்டு, தொட்டாலே நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடுதான். அந்தக் கோடு போர்மாவில் நிற்பவருக்குத் தெரியாது, அடுத்த கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரலுக்குத்தான் தெரியும்.

பிறகு அவருடைய இலக்கை விறகிலிருந்து எடுத்துவிட்டு, அன்று தோல் நீக்கிய பிறகு கிடைத்த முழுப்பருப்பின் பங்கு என்று மாற்றினோம். தோல் நீக்கும் கூடத்துக்கும் அதே எண்தான். அவ்வளவுதான் செய்தோம். யாரும் சொல்லாமலே அவர் காலையில் அந்தக் கூடத்துக்குப் போய் ஒரு பிடி பருப்பை வாங்கித் தேய்த்துப் பார்க்கத் தொடங்கினார். விறகுச் செலவு சற்று ஏறியது. முதலாளி முகம் சுளித்தார், பிறகு டின் கணக்கைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

உங்கள் கதைக்கு வருகிறேன். கிலோ விலை குறைய வேண்டும் என்று கொள்முதலுக்குச் சொன்னால் அவர் என்ன காய் வாங்குவார்?

ஏத்தன்கடை

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் வாங்குவது சந்தை கலையும் நேரத்துக் காய். சிறியது, பாதி பழுக்கத் தொடங்கியது. சிறிய காயில் தோல் கழிவு அதிகம். பழுத்தால் இனிப்பு ஏறும், எண்ணெயில் போட்டதும் பொன்னிறம் வருவதற்குள் கருத்துவிடும், மொறுமொறுப்பும் நிற்காது. நன்றாக விளைந்த பச்சைக் காயைச் சீவி நேரே கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் விழச் செய்து, சத்தம் அடங்கும் நேரம் பார்த்து மஞ்சளும் உப்பும் கலந்த நீரை எண்ணெயிலேயே விட வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு இந்தக் காய் ஒத்துவராது.

வறுப்புக் கூடத்துக்கோ ஷிப்டுக்கு இத்தனை கிலோ. ஆகவே அவர்கள் ஒரே ஈட்டில் கூடுதலாகக் கொட்டுகிறார்கள். எண்ணெயின் சூடு இறங்குகிறது, சிப்ஸ் எண்ணெயைக் குடிக்கிறது. எடை கூடுகிறது, அதாவது அவர்களுடைய இலக்குக்கு அதுவும் நல்லதே!

ஆனால் கொள்முதல்காரர் ஒரு நியாயம் கேட்கிறார். களக்காட்டிலிருந்து என்ன காய் வருகிறது, சந்தையில் விலை எப்படிப் போகிறது என்பது அவர் கையில் இல்லை. வறுப்பவர் கெடுத்தால் அதற்கும் தான்தான் பொறுப்பா என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அண்டி ஆபீஸ்

எங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வரும் கொட்டையின் விலையும் யார் கையிலும் இல்லை. விலைக்கு அவரைப் பொறுப்பாக்காதீர்கள். நூறு கிலோ காயிலிருந்து விற்கத் தகுந்த சிப்ஸ் எத்தனை கிலோ வந்தது, அதற்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்பதற்கு அவரையும் வறுப்புக் கூடத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்குங்கள். எண்ணெய்ச் செலவையும் அதில் சேருங்கள், அப்போது எண்ணெயைக் குடித்த சிப்ஸ் எடையில் லாபம் காட்ட முடியாது. முதல் இரண்டு வாரம் இருவரும் சண்டை போடுவார்கள். போடட்டும். இதுவரை போட வேண்டிய இடத்தில் போடவில்லை.

தக்கலைக் கணக்கர்

ஒரு சிறு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பல சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். எல்லோரும் துறைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலாளியின் போனைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் தரம்தான் முக்கியம் என்று முடிவாகிறது. புதன்கிழமை மாலை திருவனந்தபுரத்திலிருந்து பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முதலாளியை நேரே கூப்பிடுகிறார். முதலாளி வறுப்புக் கூடத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு "இன்று இரவுக்குள் எப்படியாவது ஏற்றிவிடு" என்கிறார். அந்த ஒரு போனுக்குப் பிறகு நிறுவனத்தின் உண்மையான இலக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன?

ஏத்தன்கடை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். மாதம் எத்தனை முறை அப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

ஏத்தன்கடை

கோபம் இல்லை. எண்ணிச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை.

குளச்சல் கரை

கரையில் நின்று கரைமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றிலும் ஆள் உண்டு, இரண்டு பக்கமும் மூச்சுப் பிடித்து இழுப்பார்கள். ஒரு பக்கம் வேகமாக இழுத்துவிட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் வெளியே போய்விடும். வேகமாக இழுத்த பக்கத்தை யாரும் பாராட்டுவதில்லை. உங்கள் நிறுவனத்தில் அந்தப் பக்கத்துக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறீர்கள்.

பேக்கிங் அக்கா

நெய்யூர்க்காரி நான். உணவுப் பொருள் பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளராக நெடுநாள் இருந்திருக்கிறேன். இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் மேலாளர்கள், கீழே நிற்கும் எங்களிடம் இந்த இலக்கெல்லாம் எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன்.

வந்து சேர்வதில்லை. சுவரில் சட்டம் போட்ட காகிதம் மாட்டுவார்கள். "சந்தை விரிவாக்கம்", "வாடிக்கையாளர் திருப்தி", "உன்னதம்". காலை ஷிப்டுக்கு பஸ் பிடித்து ஓடிவரும் பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும்? அவளுக்குத் தெரிந்த இலக்கு ஒன்றே ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பாக்கெட். அந்த அவசரத்தில் சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டும் பெட்டிக்குள் போகும். காற்றுப் புகுந்தால் எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும். பாக்கெட் திரும்பி வரும்போது அது யார் கையில் ஒட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் இருந்த இடத்தில் ஒரு மேலாளர் ஒரு காரியம் செய்தார். திரும்பி வந்த பாக்கெட்டுகளை அலுவலகத்துக்கு அனுப்பாமல் பேக்கிங் மேசைக்கே கொண்டுவரச் சொன்னார். ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு ஷிப்ட் பெண்களும் இருக்கும்போது அவற்றைக் கத்தரித்து ஒரு தட்டில் கொட்டுவோம். முகர்ந்து பார்ப்போம். சீல் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். முதல் நாளே ஒருத்தி சொன்னாள், "இது இரண்டாம் மெஷின், இடது மூலையில் சூடு பிடிக்காது, இதை நான் முன்பே சொன்னேன்." யாரிடம் சொன்னாள் என்று கேட்டோம். சொன்ன ஆளுக்கு அது இலக்கில் இல்லை! மெஷின் அன்றே சரியாயிற்று. பத்து நிமிடத்துக்கு மேல் அந்தக் கூட்டம் நடந்ததில்லை. அங்கே யாரும் யாரையும் திட்டக் கூடாது என்று மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்.

தக்கலைக் கணக்கர்

அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் விற்பனைப் பிரிவு இதற்கெல்லாம் அசையாது. அவர்களுக்குத் தட்டில் கொட்டி முகர்ந்து காட்டினால் "சரி, அடுத்த கடை எங்கே" என்பார்கள். காசு வைத்தால்தான் ஓடுவார்கள். ஆகவே ஊக்கத்தொகையை இலக்கோடு கட்டுவது தவறு என்று யாராவது சொன்னால் அவர்கள் விற்பனையாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்த்ததில்லை என்பேன்.

திரும்பி வந்தவள்

நான் அதைத்தான் சொல்ல வந்தேன், சம்பளம் கொடுத்தும் பார்த்திருக்கிறேன் ஐயா. கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியே போதும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்து எண்ணிக்கை காட்டினார்கள். 2016-இல் அது வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேருக்கு வேலை போனது. அத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா? எண்ணைக் கேட்டார்கள், எண்ணைக் கொடுத்தார்கள்.

தக்கலைக் கணக்கர்

வங்கிக் கதை வேறு. சிப்ஸ் பாக்கெட்டைக் கடைக்காரருக்குத் தெரியாமல் விற்க முடியாது.

திரும்பி வந்தவள்

முடியாதுதான். ஆனால் "விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எந்தக் கடையிலும் இறக்கிவைக்க முடியும். புதிய கடை எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். ஏத்தன்கடை, திரும்பி வரும் சரக்கில் புதிய கடைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா?

பாடம் நடத்துபவர்

பொறியியல் கல்லூரியில் உற்பத்தி மேலாண்மை நடத்துகிறேன். சுருக்கமாக இரண்டு செய்திகள்.

ஓர் அளவை இலக்காக்கி நெருக்கினால் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பதைப் பொருளாதார வல்லுநர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையை வைத்துச் சொன்னார். தரக் கட்டுப்பாட்டில் பெயர்பெற்ற டெமிங், தம் 14 கோட்பாடுகளில் பதினொன்றாவதாக எண்ணிக்கை இலக்குகளையே ஒழித்துவிடச் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். எண்ணே இல்லாத நிறுவனத்தில் உரத்துப் பேசுபவர் ஜெயிப்பார்.

ஜப்பானில் 1960-களில் வளர்ந்த ஹோஷின் கான்ரி என்ற முறை உங்களுக்குப் பொருந்தும். தலைமை ஓர் இலக்கைக் கீழே அனுப்பும். கீழே உள்ளவர்கள் "இதைச் செய்ய எங்களுக்கு இது வேண்டும், அல்லது இது முடியாது" என்று திருப்பி அனுப்புவார்கள். பந்தை மாறி மாறி எறிவதுபோல என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் தாளில் ஏறும். உங்கள் ஆலோசகர் வைத்திருந்த தாளில் ஒருவழிப் போக்குவரத்து மட்டுமே இருந்திருக்கிறது.

அண்டி ஆபீஸ்

பேராசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எதைச் செய்வது என்று எழுதும் நிறுவனங்கள் எதைக் கைவிடுவது என்று எழுதுவதில்லை. தரமும் வேண்டும், அளவும் வேண்டும், புதிய கடையும் வேண்டும், இருப்பும் கூடாது என்றால், அவற்றுள் இரண்டு முட்டிக்கொள்ளும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதைக் கூடத்தில் நிற்கும் 25 வயதுப் பையன் முடிவு செய்வான். அந்த முடிவுக்குத்தான் முதலாளிக்குச் சம்பளம். அதை அவர் முன்கூட்டியே, எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

ஏத்தன்கடை

சில நாட்களாக எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னவற்றை வைத்து நேற்று எல்லாத் துறைத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். திரும்பி வந்தவள் கேட்டபடி பிரித்துப் பார்த்தோம். திரும்பிய சரக்கில் பெரும்பகுதி புதிய கடைகளிலிருந்துதான். விற்பனை மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு செய்தது இதுதான். ஓணம் முடியும்வரை நிறுவனத்துக்கு ஒரே இலக்கு: ஏற்கெனவே சரக்கு எடுக்கும் கடைகளுக்குச் சொன்ன நாளில், திரும்பி வராத சரக்கு. புதிய கடைகள் ஓணத்துக்குப் பிறகு. காயும் எண்ணெயும் சேர்த்து ஒரு கிலோ நல்ல சிப்ஸுக்கு ஆகும் செலவு கொள்முதலுக்கும் வறுப்புக்கும் பொது. ஷிப்டுக்கு இத்தனை கிலோ என்ற பலகையைக் கழற்றிவிட்டோம். கிடங்கு இந்த ஒரு பருவத்துக்கு இருப்பைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். திரும்பிய பாக்கெட்டுகள் இனி பேக்கிங் மேசைக்கு வரும், அக்காவுக்கு நன்றி. அவசர ஆர்டர் எதுவானாலும் வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டாலும் நான் உற்பத்தித் தலைவரிடம் மட்டுமே பேசுவேன், முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இதை எழுதி என் கையெழுத்தோடு ஒட்டச் சொன்னார், ஒட்டிவிட்டேன்.

சிக்கல் விற்பனையில்தான். புதிய கடைகளை நிறுத்தினால் தம் ஆட்களில் இருவர் போய்விடுவார்கள் என்கிறார் மேலாளர். ஊக்கத்தொகை இல்லாமல் அவர்கள் வீட்டுக் கணக்கு ஓடாது.

தக்கலைக் கணக்கர்

ஊக்கத்தொகையை நிறுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். பழைய கடைகளில் விற்று, திரும்பாமல், பணமும் வசூலான தொகைக்குச் சதவீதம் கொடுங்கள். பில் போட்ட மாதத்தில் பாதி, திருப்பி எடுக்கும் கெடு முடிந்ததும் மீதி. கெடு எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எனக்கே புரியாமல் போய்விடும்.

திரும்பி வந்தவள்

இந்த ஒரு விஷயத்தில் கணக்கரோடு ஒத்துப்போகிறேன், பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஓணம் முடிந்ததும் இதே எண்களைத் தொடராதீர்கள். உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள், இரண்டாம் மெஷினைப் பற்றிச் சொல்வது போன்ற ஒருத்தியையும் அந்த மேசையில் உட்காரவையுங்கள்.

ஏத்தன்கடை

விற்பனை ஆட்கள் இருவரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். திருவனந்தபுரத்துப் பெரிய கடை ஒன்று இன்று காலை கூப்பிட்டுக் கூடுதல் சரக்கு கேட்டது. உற்பத்தித் தலைவர் பாதிதான் தர முடியும் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். உற்பத்தித் தலைவரிடமே பேசச் சொல்லி அவருடைய போன் எண்ணைக் கொடுத்தேன்.

வடசேரி வாசகன்

பாதிச் சரக்கை எடுத்துக்கொண்டாரா?

ஏத்தன்கடை

எடுத்துக்கொண்டார். மீதியை வேறு ஒருவரிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். அது யார் என்று விற்பனை மேலாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.